மக்ரூன் பொட்டலமும் முதல் அங்கமும்

நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தில் முதல் அங்கத்தை மட்டும் தமிழில் எழுதி, நாலைந்து பேராக உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பது என்று தை மாதம் ஆரம்பித்தேன். மேடையேற்றும் எண்ணமெல்லாம் இல்லை. நான் சொந்தமாக எழுதிய நாடகம் ஒன்று பாதியில் நிற்கிறது. அதில் வருகிறவர்கள் எல்லோரும் வந்ததும் வராததுமாகத் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள். "நான் இந்த ஆபீஸ்ல பத்து வருஷமா குமாஸ்தா" என்று ஒருவர் சொல்வது யாரிடம் என்றால், சொந்த மனைவியிடம். அவளுக்குத் தெரியாதா என்ன! 1879-இல் எழுதிய மனிதர் இதை எப்படிச் சமாளித்தார் என்று வரிவரியாகப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். ஆறு ஞாயிறு ஆகிவிட்டது.

முதல் ஞாயிறு சொதப்பல். வாசிப்புதானே என்று அடைப்புக்குள் இருந்த மேடைக் குறிப்புகளை நான் பாதிக்கு மேல் வெட்டியிருந்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். நோரா கைநிறையப் பொட்டலங்களோடு வீட்டுக்குள் வருகிறாள். உள்ளறையிலிருந்து கணவன் ஹெல்மர் குரல் கொடுக்கிறான். வசனத்தை மட்டும் வாசித்தால் ஒன்றுமே இல்லை. அவன் கேட்கிறான், அவள் 'ஆமாம்' என்கிறாள். மறுபடி கேட்கிறான், மறுபடி 'ஆமாம்'. நோராவாக வாசித்த தோழி, "இந்தப் பொண்ணுக்குப் பேசவே வராதா?" என்று கேட்டுவிட்டாள்.

இரண்டாம் வாரம் குறிப்புகளைத் திரும்பச் சேர்த்தேன். வந்தவுடன் நோரா ஒரு மக்ரூன் பொட்டலத்தை எடுத்து ஒன்றிரண்டு தின்கிறாள் என்று இருக்கிறது. சரி, செய்துதான் பார்ப்போமே என்று கால் கிலோ தூத்துக்குடி மக்ரூன் வாங்கி வைத்தேன். அவர்கள் ஊர் மக்ரூன் பாதாமில் செய்வது, நம்முடையது முந்திரி. வெள்ளைக்கருவும் சர்க்கரையும் இரண்டுக்கும் பொது. தோழி இரண்டை வாயில் போட்டுக்கொண்டு வாசித்தாள். "வெளியே கீச்சிடுவது என் குருவியா?" அவளால் 'ம், ஆமாம்' என்பதற்கு மேல் முடியவில்லை. "அணில் எப்போது வந்தது?" 'இப்பதான்' என்றாள், தூள் பறந்து தாளில் விழுந்தது. அடுத்த குறிப்பைப் பார்த்தால், பொட்டலத்தைப் பைக்குள் திணித்து வாயைத் துடைத்துக்கொள்கிறாள் என்று இருக்கிறது. அதற்குப் பிறகுதான் "இங்கே வந்து பார், என்னென்ன வாங்கியிருக்கிறேன்" என்று முழுசாக ஒரு வாக்கியம் வருகிறது.

அதுவரை ஒற்றைச் சொல்லாகவே பதில் சொன்னதற்கு வாய் நிறையப் பண்டம் இருந்ததும் ஒரு காரணம்! மேஜை முன்னால் உட்கார்ந்து பத்து முறை படித்தபோது எனக்கு இது தட்டவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஹெல்மர் விரலை ஆட்டி, "மிட்டாய்க் கடைப் பக்கம் போனாயா? மக்ரூன் ஒன்றிரண்டு கடித்தாயா?" என்று விசாரிக்கிறான். சத்தியமாக இல்லை என்கிறாள். இந்த வீட்டில் மக்ரூனுக்குத் தடை, அவள் அதை மீறுகிறாள், கூசாமல் பொய்யும் சொல்கிறாள் என்று நாடகம் தொடங்கிய சில நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது. இதை யாரும் யாருக்கும் விளக்கவில்லை.

நான் வெட்டியதில் இன்னொன்று, சுமை தூக்கி வந்த ஆள். கூலி எவ்வளவு என்று நோரா கேட்கிறாள். ஐம்பது ஓரே என்கிறான். ஒரு குரோனை நீட்டி, மிச்சத்தை வைத்துக்கொள் என்கிறாள். நூறு ஓரே ஒரு குரோன், ஆக இரண்டு மடங்குக் கூலி. கணவன் வெளியே வந்து 'ஊதாரி' என்று செல்லமாகத் திட்டும்போது நாமும் தலையாட்டுகிறோம், நம் கண்ணெதிரேதானே பார்த்தோம் என்று. பிறகு பள்ளித் தோழி கிறிஸ்டினே லிண்டே வந்து உட்கார்ந்ததும் கதை புரள்கிறது. கணவனுக்கு உடம்பு சரியில்லாதபோது இத்தாலிக்குக் கூட்டிப்போக ஆன 4,800 குரோனை ஏற்பாடு செய்ததே நோராதான். துணிக்கென்று கொடுத்த பணத்தில் மிச்சம் பிடித்தும், கதவைச் சாத்திக்கொண்டு இரவெல்லாம் பிரதி எடுக்கும் வேலை செய்தும் கடனை அடைத்து வருகிறாள். ஊதாரி என்று தலையாட்டிய நம் முகத்தில் அசடு வழிகிறது. சுமைக்கூலியை வெட்டியதால் எங்கள் வாசிப்பில் அந்த அடி விழவே இல்லை.

அந்த ரகசியம் வெளிவரும் விதமும் நன்றாக இருக்கிறது. கஷ்டப்பட்டு வாழ்ந்த லிண்டே, "நீ இன்னும் குழந்தைதான் நோரா" என்று சொல்லிவிடுகிறாள். நோராவுக்குச் சுருக்கென்று தைக்கிறது. அந்த ரோஷத்தில்தான் வாயைத் திறக்கிறாள். என் குமாஸ்தாவுக்கு அப்படிச் சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் கிடையாது.

மூன்று வாரத்தைத் தின்றது நீ, நீங்கள் விவகாரம். மூல நார்வேஜிய நாடகத்தில் நம்மைப் போலவே இரண்டு வகை உண்டு: நெருக்கத்துக்கு ஒன்று, மரியாதைக்கு ஒன்று. ஆங்கிலத்தில் அது அப்படியே கரைந்துவிட்டது. லிண்டேயோடு நீ, குடும்ப நண்பர் டாக்டர் ராங்கோடும் நோராவுக்குக் கடன் கொடுத்த க்ரோக்ஸ்டாடோடும் நீங்கள் என்பதில் சிக்கல் இல்லை. புருஷன் பெண்டாட்டிதான் தகராறு. மூலத்தில் இருவருமே 'நீ'. முதலில் நோராவை 'நீங்க' என்று பேசவிட்டேன். வாசித்து முடித்ததும் ஹெல்மராக வாசித்த எதிர் வீட்டு அண்ணன், "எங்க பெரியம்மா பேசற மாதிரியே இருக்கு" என்றார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பக்கென்றது. 'நீங்க' என்று போட்டால் அடக்கம் அந்தச் சொல்லிலேயே வந்துவிடுகிறது, இப்சனுக்கு வேலையே இல்லாமல் போகிறது. பேச்சில் இருவரும் சமம். ஆனால் ஒருத்தி அணில், குருவி. இன்னொருவன் அணிலுக்குத் தீனிக்கணக்குப் பார்க்கிறவன். அந்த முரண் போய்விடக் கூடாது என்று 'நீ'க்கே திரும்பினேன். காதுக்குப் பழக இரண்டு வாரம் ஆனது.

(குருவியை முதலில் வானம்பாடி என்றுதான் போட்டிருந்தேன். அகராதிப்படி அதுதான் சரி. ஆனால் அண்ணன் அதைச் சொல்லும்போதெல்லாம் கவியரங்கம் மாதிரி ஆகிவிட்டது.)

இதில் ஒரு லாபமும் உண்டு. இரண்டாம் அங்கத்தில், வங்கி மேனேஜராகப் போகும் ஹெல்மர், அங்கே வேலை பார்க்கும் க்ரோக்ஸ்டாடைத் துரத்துவதற்கு ஒரு காரணம் சொல்வான்: பழைய பழக்கத்தை வைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் உரிமையாகப் பேசுகிறானாம். என்னிடம் உள்ள ஆங்கிலத்தில் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாக மாற்றியிருக்கிறார்கள். தமிழில் 'மேனேஜரை நீ, வா, போங்கிறான்' என்றால் போதும்.

பொய்களுக்குத் தனியாக ஒரு கணக்கு எழுதி வருகிறேன். கணவனிடம் சொன்ன மக்ரூன் பொய் முதலாவது. டாக்டர் ராங்க், "இது இங்கே தடை செய்யப்பட்ட சரக்கு ஆயிற்றே" என்றதும், கிறிஸ்டினே கொடுத்தது என்று பழியை அவள் மேல் போடுவது இரண்டாவது. அந்தப் பெண் "நானா?" என்று விழிக்கிறாள், எங்கள் வாசிப்பில் எல்லோரும் சிரித்த இடம். மூன்றாவது, க்ரோக்ஸ்டாட் போன பிறகு, யாராவது வந்தார்களா என்று கணவன் கேட்க, இல்லை என்பது. அவன் வாசலில் க்ரோக்ஸ்டாடைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஏனென்றால் நடுவில் க்ரோக்ஸ்டாட் காட்சி நடந்து முடிந்திருக்கிறது. நோரா குழந்தைகளோடு கண்ணாமூச்சி விளையாடிக்கொண்டிருக்கும்போது அவர் கதவைத் திறக்கிறார். கடன் பத்திரத்தில் அவளுடைய அப்பாவின் கையெழுத்தைப் பற்றிக் கேட்கிறார். அப்பா இறந்தது செப்டம்பர் 29. கையெழுத்துக்கு மேல் போட்டிருக்கும் தேதி அக்டோபர் 2. எங்கள் க்ரோக்ஸ்டாட் முதலில் இதைச் சினிமா வில்லன் குரலில் வாசித்தார். ஒத்துவரவில்லை. ஐந்தாம் வாரம், பேங்க் கவுன்டரில் பாரத்தைத் திருப்பித் தருகிற குரலில் வாசிக்கச் சொன்னேன். அறை சில்லிட்டுவிட்டது. அந்தத் தேதி இரண்டும் போதும், மேலே குரல் வேண்டாம்.

கடைசியில் ஹெல்மர், பொய் சொல்கிற தாய் இருக்கும் வீட்டுக் காற்றே விஷம் என்று பேசுகிற பகுதி மட்டும் இன்னும் எனக்கு வரவில்லை. மேடைப் பிரசங்கம் மாதிரியே விழுகிறது. அண்ணனுக்கு அது ரொம்பப் பிடித்திருப்பது வேறு சங்கடம்.

நடுவில் என் நாடகத்தையும் எடுத்து முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு எழுதினேன். இப்போது குமாஸ்தா எதுவும் சொல்வதில்லை. வீட்டுக்கு வருகிறார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் சட்டைப்பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து, நாலாக மடித்து, குடைக்குள் செருகுகிறார். மனைவி உள்ளேயிருந்து, "மழையா வெளியே?" என்கிறாள்.