தட்டை மரவட்டைக்குப் பெயர் தேடும் வேலை: இதுவரை

மக்கிய இலைக்கு அடியில் கிடைத்த தட்டை முதுகு மரவட்டை பாலிடெஸ்மிடா வரிசையை (பல குடும்பங்கள் அடங்கிய பெரிய பிரிவு) சேர்ந்தது என்பதில் முதலிலிருந்தே குழப்பம் இல்லை. கண் கிடையாது. வளையங்களின் இரு பக்கமும் தகடு நீட்டிக்கொண்டிருக்கிறது. சீண்டினால் பாதாம் வாசனை வேறு (அதில் ஹைட்ரஜன் சயனைடும் கலந்திருக்கும், முகர்ந்து ரசிக்க வேண்டாம்). ஆனால் இந்த வரிசையில் மட்டும் சுமார் 3,500 இனங்கள். அங்கேதான் சிக்கல்.

கரும்பழுப்பு உடல், மஞ்சள் ஓரம் என்றதும் எல்லாரும் ஆக்சிடஸ் கிராசிலிஸ் என்றுதான் சொல்வார்கள். தொட்டிச் செடிகளோடு உலகம் முழுக்கப் பரவிய இனம் என்பதால் அந்த ஊகத்தில் தப்பில்லை. ஆனால் நிறத்தை நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. தோலுரித்த புதிதில் வெளுத்திருக்கும், ஆல்கஹாலில் போட்டால் சாயம் போய்விடும்.

அதனால் வளையங்களை எண்ணினேன். பிடித்ததில் பெரும்பாலானவற்றுக்கு 18, 19 தான். முட்டையிலிருந்து 7 வளையத்தோடு வெளிவந்து, ஒவ்வொரு தோலுரிப்பிலும் கூடிக்கொண்டே போகும். இந்த வரிசையில் பெரும்பாலான இனங்களுக்கு 20 வந்தால் முழு வளர்ச்சி, அதற்குமேல் தோலுரிப்பதில்லை. ஆக, கையில் இருந்தவை குஞ்சுகள். ஈரமண்ணும் மக்கிய இலையும் போட்டு, காற்றுப் போகும் டப்பாவில் வளர்த்தேன். தோலுரிக்க மண்ணுக்குள் அறை கட்டிக்கொண்டு படுத்துவிடும். அப்போது தோண்டிப் பார்க்கக் கூடாது. கை அரிக்கத்தான் செய்யும், என்ன செய்வது!

வளர்ந்தவற்றைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, ஈரப் பஞ்சால் மெதுவாக ஒதுக்கி, அடியிலிருந்து மேக்ரோ லென்ஸில் படம் எடுத்தேன். பார்க்க வேண்டிய இடம் ஏழாவது வளையம். பெண்ணுக்கு அங்கே இரண்டு ஜோடிக் கால்களும் சாதாரணமாக இருக்கும், மொத்தம் 31 ஜோடி. ஆணுக்கு அந்த வளையத்தின் முன் ஜோடி இனச்சேர்க்கைக்கான கோனோபாட் உறுப்பாக மாறியிருக்கும். இனத்துக்கு இனம் வடிவம் மாறுவது அதில்தான். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருப்பவற்றைக்கூட அது பிரித்துக் காட்டிவிடும். பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இனப்பெயர் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

வந்தவை எல்லாம் பெண்ணாகவே இருந்து, கடைசியில் ஓர் ஆண் தேறியது. அதை 70 சதவீத எத்தனாலில் போட்டு, கோனோபாட்டைத் தனியே எடுத்து, கிளிசரின் துளியில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். நீண்ட தண்டு, நுனியில் இரண்டு கிளை, ஒன்று கொக்கியாக வளைந்திருக்கிறது. முதுகில் குறுக்காக ஓடும் பள்ளத்தையும் சேர்த்துப் பார்த்தால் குடும்பம் பாரடாக்ஸோசோமாடிடே. ஆனால் ஆக்சிடஸ் கிராசிலிஸின் கோனோபாட் படத்தோடு ஒத்துப்போகவில்லை.

இந்தக் குடும்பத்திலேயே சுமார் 1,000 இனங்கள் உண்டு. அப்புறம் பேரினத்துக்கு (குடும்பத்துக்குள் வரும் சின்னப் பிரிவு) வர, கொக்கியின் உள்பக்கத்தையும் வரைந்தாக வேண்டும். வலது கோனோபாட்டை அதற்காகவே தனிக் குப்பியில் வைத்திருக்கிறேன்.