துட்டி வீட்டைத் தாண்டிப் போன கேமரா

ஆலிஸ் சீபோல்டின் ‘தி லவ்லி போன்ஸ்’ நாவல் 2002-ல் வந்தது. பீட்டர் ஜாக்சன் அதை 2009-ல் படமாக்கினார். கதை அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் நடக்கிறது. 1973 டிசம்பர் 6-ம் தேதி, அக்கம்பக்கத்தில் குடியிருக்கிற ஹார்வி என்பவன் மக்காச்சோளக் காட்டுக்குள் நிலவறை மாதிரி ஒரு குழி வெட்டி வைத்து, பதினாலு வயசுப் பிள்ளை சூசியை அதற்குள் இறக்கிச் சீரழித்துக் கொல்கிறான். செத்த பிள்ளை மேலே இருந்து தன் வீட்டைப் பார்த்தபடி கதை சொல்கிறாள். கொன்றவன் யார் என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். மிச்சம் அத்தனையும் அந்த வீடு என்ன ஆச்சு என்பதுதான்.

நம்ம திருநெல்வேலிப் பக்கம் இந்த அமைப்பு புதுசே இல்லை. கோயில் கொடைவிழாவில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு, வெட்டுப்பட்டுச் செத்தவர்கள் பேசுவது பழகிய விஷயம். அநியாயமாய்ச் செத்த உயிர் கைலாசம் போகும், சிவனிடம் வரம் வாங்கும், ஊருக்குத் திரும்பி வந்து தன்னைக் கும்பிடப் பீடம் கேட்கும். ஆனால் வில்லுப்பாட்டுப் புலவர் கைலாசத்துக்கு ஒதுக்குகிற நேரம் எவ்வளவு என்று கவனித்தால் ஒன்று புரியும்: கொஞ்சம்தான். செருப்புத் தைக்கிறவர் வீட்டுப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டிய பிராமணன் முத்துப்பட்டன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பூணூலை அறுத்தது, செருப்புத் தைக்கப் பழகியது, மாடு திருட வந்தவர்களோடு மோதிச் செத்தது, பொம்மக்காவும் திம்மக்காவும் தீப்பாய்ந்தது என்று பாட்டின் கனம் எல்லாம் தரையில்தான் கிடக்கிறது. காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாகிவிட்ட முத்துப்பட்டனுக்கு இன்றைக்கும் செருப்புதான் காணிக்கை.

ஜாக்சன் கைலாசத்துக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை.

நாவலில் சூசியின் சொர்க்கம் ரொம்ப எளிமை. பள்ளிக்கூடம் மாதிரி ஒரு கட்டடம், ஊஞ்சல், பாடப்புத்தகத்துக்குப் பதில் பெண்கள் பத்திரிகைகள். அந்த வயசுப் பிள்ளை அவ்வளவுதான் கேட்பாள். படத்திலோ மலை, கடல், நிறம் மாறுகிற வயல் என்று கணினி வரைகலை கொட்டிக் கிடக்கிறது. கெடுதல் அழகில் இல்லை, இடத்தில் இருக்கிறது. ஒரு உதாரணம். அப்பா பாட்டிலுக்குள் கப்பல் செய்கிறவர். மகள் போன துக்கத்தில் அவற்றை ஒவ்வொன்றாய் உடைக்கிறார். நாவலில் அந்த உடைந்த சில்லு ஒவ்வொன்றிலும் சூசி தன் முகத்தைக் காட்டுகிறாள். இதைப் படமெடுக்கப் பத்துக் கண்ணாடிச் சில்லும், சரியான கோணத்தில் ஒரு விளக்கும், பொறுமையும் போதும். படம் செய்தது என்ன? இங்கே அப்பா உடைக்க உடைக்க, அங்கே மலை உயரப் பாட்டில்கள் கடற்கரையில் மோதிச் சிதறுகின்றன. நாம் அதைப் பார்த்து வாய் பிளக்கிற நேரத்தில் அப்பாவின் கை கண்ணைவிட்டுப் போய்விடுகிறது. துட்டி கேட்க, அதாவது சாவு வீட்டில் துக்கம் விசாரிக்கப் போனவன் பந்தல் அலங்காரத்தைப் பார்த்துவிட்டு வந்த மாதிரி.

திரைக்கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது பொதுக் கணக்கு. இந்தப் படம் ஏறக்குறைய 135 நிமிடம். காட்சிகளை ‘மேலே’, ‘கீழே’ என்று இரண்டாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு ‘மேலே’ காட்சிக்கும் ஒரே கேள்வி: இதனால் கீழே என்ன மாறுகிறது? பதில் இல்லாத காட்சியை எடுத்துவிட்டால் கணிசமான நேரம் மிஞ்சும். அந்த நேரம் எதற்கு வேண்டும் என்றால், நாவலில் ஓடுகிற சுமார் பத்து வருஷத்துக்கு.

படம் அந்தப் பத்து வருஷத்தைச் சுருக்கியதுதான் பெரிய சேதம். சூசியின் தம்பி நாவலில் குழந்தையாய்த் தொடங்கி, மீசை முளைக்கிற வயசுக்கு வருகிறான். தோட்டம் போடுகிறான். தக்காளிச் செடியைக் கட்ட, பெட்டியில் கிடந்த செத்துப்போன அக்காவின் துணியை எடுக்கிறான். அப்பாவுக்கும் மகனுக்கும் வாய்ச்சண்டை, அந்த இடத்திலேயே அப்பாவுக்கு நெஞ்சுவலி. துக்கம் எத்தனை வருஷம் கழித்தும் எப்படிக் குடும்பத்துக்குள் பாய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல காட்சி கிடையாது. செலவும் இல்லை: ஒரு பெட்டி, நாலு செடி, வளர்ந்த தம்பிக்கு இன்னொரு நடிகன். படத்தில் தம்பி வளரவே இல்லை, அதனால் இந்தக் காட்சிக்கும் வழியில்லை.

அம்மா அபிகேல் கதையும் அப்படித்தான். நாவலில் அவள் வழக்கை விசாரிக்கிற போலீஸ்காரரோடே உறவு வைக்கிறாள், பிறகு வீட்டைவிட்டு கலிஃபோர்னியா போய் வருஷக்கணக்கில் இருக்கிறாள். படம் அந்த உறவை நீக்கிவிட்டது. காரணம் இல்லாமல் ஒரு தாய் கிளம்பிப் போகிறாள், திரும்பி வருகிறாள். அம்மாவாக வருகிற ரேச்சல் வைஸ் நல்ல நடிகை, ஆனால் எழுதாததை யார் நடிக்க முடியும்?

கொலையைக் காட்டாமல் விட்டதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். சூசி தப்பி ஓடுவது போலக் காட்டி, வெள்ளைக் குளியலறை, தரையில் சேறும் ரத்தமும், தொட்டிக்குள் ஹார்வி என்று அவள் செத்ததை நமக்குப் புரியவைக்கிற இடம் அருமை. ஆனால் பாலியல் வன்முறையைச் சொல்லாலும் தொடாமல் விட்டதும், நாய் கொண்டுவருகிற முழங்கையை நீக்கியதும் வேறு. நாவலில் அந்த முழங்கைதான் வீட்டுக்குக் கிடைக்கிற ஒரே உடம்பு. உடம்பு இல்லாத சாவுக்கு நீர்மாலை எடுக்க முடியாது, கோடி போட முடியாது, எந்தச் சாவுச் சடங்கும் நடத்த முடியாது என்பது நமக்குத் தெரியும். நம்புவதா வேண்டாமா என்று அந்தக் குடும்பம் தவிக்கிற தவிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

இதே ஜாக்சன் 1994-ல் ‘ஹெவன்லி க்ரீச்சர்ஸ்’ எடுத்தவர் என்பதுதான் வயிற்றெரிச்சல். 1954-ல் நியூசிலாந்தில் நடந்த நிஜக் கொலை அது. அதிலும் இரண்டு பெண்பிள்ளைகளின் கற்பனை உலகம் வருகிறது, ஆனால் அந்த உலகம்தான் அவர்களைக் கொலைக்கு இழுத்துப் போகிறது. கடைசியில் கொலை ஆயுதமான, காலுறைக்குள் போட்ட செங்கல் தரையில் நடக்கிற வேலையைத்தான் செய்கிறது.

இரும்புப் பெட்டி விஷயம் இன்னொரு பிழை. நாவலில் ஹார்வி உடலைப் போட்ட பெட்டியைச் சீக்கிரமே குப்பைக் குழிக்குள் தள்ளிவிடுகிறான். படம் அதைக் கடைசிவரை அவன் வீட்டில் வைத்திருந்து, உச்சக்கட்டத்துக்கு உருட்டுகிறது. பெட்டி அகப்படுமா என்று நாம் பதறுகிறோம். அந்த நேரத்தில் சூசி வேறொருத்தியின் உடம்புக்குள் இறங்கி, தான் விரும்பிய பையனை முத்தமிடுகிறாள். நம் ஊரில் சாமி இறங்கினால் முதலில் பழி கேட்கும். இவள் கேட்கவில்லை. நாவலில் அதற்கு நியாயம் உண்டு, ஏனென்றால் பெட்டி எப்போதோ போய்விட்டது. படத்தில் நம்மைப் பெட்டியைப் பார்க்கச் சொல்லிவிட்டு அவளை முத்தமிடவிட்டால், கோபம் அவள்மேல் திரும்புகிறது.

படத்தில் உருப்படியானது இரண்டு. ஒன்று ஸ்டான்லி டூச்சியின் ஹார்வி, ஆஸ்கர் பரிந்துரை வரை போன நடிப்பு. இன்னொன்று தங்கை லிண்ட்சே அவன் வீட்டுக்குள் புகுந்து தேடுகிற காட்சி. தரைப் பலகைக்கு அடியில் நோட்டு கிடைக்கிறது, அவன் வீடு திரும்பிவிடுகிறான், இவள் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடுகிறாள். அந்தச் சில நிமிடங்களில் சொர்க்கம் ஒரு இடத்தில்கூடக் குறுக்கே வருவதில்லை.