மாங்காய் கட்டி g அளக்கலாம்

இயற்பியலுக்குப் புதிதாக வருபவருக்கு முதல் வாரம் சூத்திரப் பட்டியல் எதற்கு? கீழே விழும் பொருளின் வேகம் புவியீர்ப்பால் நொடிக்கு நொடி கூடும் அளவான g-ஐ (மீட்டர்/நொடி²) அளக்க ஓர் ஊசல் போதும். பித்தளைக் குண்டு தேடி அலைய வேண்டாம். கிருஷ்ணகிரி சந்தையில் காம்போடு ஒரு பெங்களூரா மாங்காய் வாங்குங்கள். மூக்கு வளைந்த காயாக இருந்தால் இன்னும் நல்லது.

தையல் நூலில் கட்டினால் முறுக்கு அவிழ்ந்து காய் பம்பரமாகச் சுற்றும். தூண்டில் நரம்பு சரியாக வரும். மேல்முனையை ஆணியில் சுற்றாதீர்கள், ஆட ஆட முடிச்சு நகர்ந்து நீளம் மாறும். இரண்டு மரச்சக்கைகளுக்கு நடுவே நரம்பை வைத்து இறுக்குங்கள். பிடியிலிருந்து காயின் தலை வரை 95 செ.மீ. ஒரு சாண் அளவுக்கு மேல் விலக்காமல், தள்ளாமல் கையை விடுங்கள். 30 டிகிரி விலக்கினால் அலைவு நேரம் 1.7 சதவீதம் கூடிவிடும்.

ஓரத்தில் காய் நின்று திரும்புவதால் அந்தக் கணம் கண்ணுக்குப் பிடிபடாது. அடியில், சுவரில் போட்ட சாக்பீஸ் கோட்டை ஒரே திசையில் கடக்கும்போது எண்ணுங்கள். முதல் கடப்பு 'பூஜ்யம்'. அதை 'ஒன்று' என்று தொடங்கினால் 19 அலைவைத்தான் 20 என்று எழுதுவீர்கள், g 10.8 வரும். பாதிப் பேருடைய நோட்டில் இருக்கும் 10.8-க்குக் காரணம் இதுதான்.

ஊசலின் நீளத்தைக் காயின் நிறை மையம் (எடை சமன்படும் புள்ளி) வரை அளக்க வேண்டும். அடுத்த சிக்கல், அந்த மையம் எங்கே? தலையிலிருந்து 5 செ.மீ. கீழே இருக்கும் அந்தப் புள்ளியை மறந்து 95-ஐயே நீளமாகப் போட்டால் 9.3 வரும். வளைந்த காயில் மையத்தை ஊகிக்கவே முடியாது. அதனால் ஊகிக்காதீர்கள். நரம்பை 45 செ.மீ.க்குக் குறைத்து மறுபடி அளங்கள். 20 அலைவுக்கு முதலில் 40.2 நொடி, இப்போது 28.4. அலைவு நேரங்கள் 2.01, 1.42, வர்க்கங்களின் வித்தியாசம் 2.02. நீளங்களின் வித்தியாசம் 0.5 மீட்டர். அலைவு நேரத்தின் வர்க்கம் = 4π² × நீளம் ÷ g. ஆகவே 4π²-ஐ, அதாவது 39.48-ஐ, 0.5-ஆல் பெருக்கி 2.02-ஆல் வகுத்தால் 9.77. மையம் கணக்கிலிருந்தே கழன்றுவிட்டது.

9.81 வரவில்லையே என்று திருத்தி எழுத வேண்டாம். அது பாரீஸ் பக்கத்து மதிப்பு. நம் பக்கம் 9.78. பாரீஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம், நிலநடுக்கோட்டை ஒட்டிய தென் அமெரிக்க ஊரான கயேனில் நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியதை பிரெஞ்சு வானியலாளர் ஜான் ரிஷே 1672-இல் கண்டார். ஓசூர் கிருஷ்ணகிரியை விட சுமார் 400 மீட்டர் மேலே இருந்தாலும் அங்கே g குறைவது 0.001 அளவுதான். அதைப் பிடிக்க மாங்காய் போதாது.