முக்கால் மா

லீட்டனில் நாங்கள் வாங்கிய வீட்டைப் பார்க்க அப்பா வந்தது ஒரு ஜூலை மாதம். சிட்னியிலிருந்து சுமார் 550 கிலோமீட்டர். காரைவிட்டு இறங்கியவர் வீட்டுக்குள் போகவில்லை. மப்ளரை இறுக்கிக்கொண்டு வேலியோரமாகக் காலடி எண்ணி நடந்தார். கொல்லைக் கோடிவரை போய்த் திரும்பி, "முக்கால் மா இருக்கும்மா" என்றார்.

பத்திரத்தில் 1012 சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கர். மன்னார்குடிப் பக்கம் மூன்று மா ஓர் ஏக்கர். கணக்கு சரிதான்.

வீடு ஒன்றும் பெரிதில்லை. 1950களில் கட்டியது. மரப்பலகைச் சுவர், தகரக் கூரை, முன்னால் வராண்டா. மிச்சமெல்லாம் புல். ஒரு எலுமிச்சை, ஒரு ஆரஞ்சு, குடைக்கம்பி மாதிரி சுற்றுகிற ஹில்ஸ் ஹாய்ஸ்ட் துணிக்கொடி, மூலையில் தகரக் கொட்டகை. அதற்குள் பழைய வீட்டுக்காரர் விட்டுப்போன பெயின்ட் டப்பாக்களை மூன்று வருடமாகியும் நான் திறந்து பார்க்கவில்லை.

கோடையில் நல்ல மழை பெய்தால் பத்து நாளைக்கு ஒருமுறை புல் வெட்ட வேண்டும். "திங்கறதுக்கு மாடும் இல்ல, எதுக்கு இத வளக்குற?" என்றார் அப்பா. என்னிடம் பதில் இல்லை. வெட்டாமல் விட்டால் பாம்பு வரும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், அவ்வளவுதான் தெரியும்.

மறுநாள் மதியம் வெறுங்காலோடு கொல்லையில் நடந்தவர் "ஸ்ஸ்" என்று நின்றார். காலிலிருந்து பிடுங்கிய காய்ந்த முள்ளை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "நெருஞ்சிம்மா இது!" இங்கே கேட்ஹெட் என்பார்கள், பூனைத்தலை. பையனின் சைக்கிள் டயரை நான்கு முறை பஞ்சராக்கிய எங்கள் எதிரி. அப்பாவுக்கோ, சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி முகம்.

இது நெல் விளைகிற ஊர்தான். மர்ரம்பிட்ஜி ஆற்றுத் தண்ணீர் 1912இல் கால்வாயில் வந்தது, அடுத்த வருடம் ஊர் உண்டானது. மனைபிரித்து வரைபடம் போட்டவர் கான்பராவை வடிவமைத்த வால்டர் பர்லி கிரிஃபின். அப்பா அதற்கெல்லாம் "ம்" கொட்டினார். ஐப்பசியில் விமானத்திலிருந்து விதைநெல் தூவுவார்கள் என்றதும்தான் காபியைக் கீழே வைத்தார்.

"நடவாளு?"

"கிடையாதுப்பா."

"வரப்புல அண்டை வெட்டறது?"

"எல்லாம் மெஷின்தான்."

அப்புறம் நெடுநேரம் பேசவில்லை. ஊரில் எங்கள் வீடு நான்கு பங்காகி, அப்பாவுக்கு வந்தது கொல்லையும் கிணறும்தான். நூறு குழி ஒரு மா; அந்தக் கொல்லை எட்டுக் குழிகூடத் தேறாது. இவ்வளவு இடத்தை நான் சும்மா போட்டு வைத்திருப்பது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். முருங்கை வைக்கலாமே என்று ஆரம்பித்தார். இரண்டு வைத்து இரண்டும் பனியில் கருகிய கதையைச் சொன்னேன். நம்பவில்லை. விடிகாலையில் புல் முழுக்க உப்புப் பூத்தது போல உறைபனி கிடந்ததைத் தொட்டுப் பார்த்தபிறகு, சாயங்காலமானால் கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே தூக்கி வைப்பது அவர் வேலையானது.

கிளம்புவதற்கு முந்தின நாள் கொட்டகைக்குத் தெற்கே ஒரு குச்சியை ஊன்றினார். முருங்கைக்கு இடமாம். இந்த ஊரில் சூரியன் வடக்கே சாய்ந்து போகும், தெற்கே நிழல்தான் விழும் என்றேன். அண்ணாந்து பார்த்தார், குச்சியைப் பிடுங்கினார், கொட்டகையைச் சுற்றி வந்து வடக்குத் தகரத்தை ஒட்டி நட்டார்.

முருங்கை இன்னும் வைக்கவில்லை. புல் வெட்டும்போது குச்சியை மட்டும் சுற்றிப் போகிறேன்.