திருப்பத்தில் விழும் முள்

ஆகஸ்ட் 4

கோவை செட்டிப்பாளையம் பந்தயத் தளத்தில் பயிற்சி முடித்த கார் நேற்றிரவு மதுரை கே.புதூரில் உள்ள எங்கள் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. பந்தயத்துக்காக மாற்றியமைத்த 1300 சிசி பழைய கார். ஓட்டுகிற தம்பி சொன்னது இது: “அண்ணே, நேர் ஓட்டத்தில் ஆயில் பிரஷர் முள் 60 பிஎஸ்ஐயில் நிற்கிறது. நீண்ட வலது திருப்பத்தில் 15க்கு விழுகிறது. திருப்பம் முடிந்ததும் தானாக ஏறிவிடுகிறது.”

டீ குடிக்க வந்தவர்கள்கூடத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பாதிப் பேர் எஞ்சினுக்குள் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங் போய்விட்டது என்றார்கள். மீதிப் பேர் கனமான ஆயில் ஊற்றச் சொன்னார்கள். நாடி பிடிக்காமலே மருந்து சொல்ல மதுரையில் ஆளுக்கா பஞ்சம்? பேரிங் தேய்ந்தால் சூடேறிய பிறகு எங்கும் பிரஷர் குறையும்; வண்டி நின்றபடி எஞ்சின் மெல்ல ஓடும் ஐடிலிலேயே காட்டிக் கொடுத்துவிடும். இதுவோ இடம் பார்த்து விழுகிறது.

ஆகஸ்ட் 5

முதலில் கேஜ் பொய் சொல்கிறதா என்று பார்த்தேன். சென்சாரைக் கழற்றிவிட்டு, நேரடியாக ஆயில் ஏறும் கேஜை மாட்டினேன். சூடான எஞ்சினில் ஐடிலில் 18. நிமிடத்துக்கு ஆயிரம் எஞ்சின் சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ என்ற பழைய கணக்குக்கும் பழுதில்லை. ஆயில் அளவு சரி. பெட்ரோல் வாடை இல்லை, பால் போன்ற வெளுப்பும் இல்லை. ஆகவே பெட்ரோலோ கூலன்ட்டோ கலக்கவில்லை.

ஆகஸ்ட் 6

எஞ்சினில் தேய்ந்த உலோகத்தூள் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க ஆயில் பில்டரை வெட்டினேன். இதற்கு ரம்பம் ஆகாது. ரம்பத்தூள் உள்ளே விழுந்தால் எது எஞ்சினுடையது, எது நம்முடையது என்று தெரியாமல் போகும். சக்கரக் கத்தி வைத்த கட்டர்தான் சரி. மடிப்புத்தாளை வைஸில் பிழிந்து வெள்ளைக் காகிதத்தில் விரித்தேன். காந்தத்தில் ஒட்டியது சிறிது கருந்தூள், அது வழக்கமானது. ஒட்டாமல் மினுங்கிய சில சீவல்கள்தான் கவலை தந்தன. பேரிங்கின் மேற்பூச்சு உரியத் தொடங்கியிருக்கிறது. அதற்கு அடியில் உள்ள அடுக்கின் செம்பு நிறம் இன்னும் தெரியவில்லை, தப்பித்தோம்.

டீக்கடைத் தீர்ப்பில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் பேரிங் அடிபட்டது விளைவு, காரணம் வேறு.

ஆகஸ்ட் 8

எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பை இறக்கியதும் காரணம் தெரிந்தது. சாலைக் காரின் வெறும் தட்டையான சம்ப், உள்ளே ஒரு தடுப்புக்கூட இல்லை. திருப்பத்தின் பக்கவிசை புவியீர்ப்புக்குச் சமமானால் ஆயிலின் மேற்பரப்பு 45 பாகை சாய்ந்துவிடும். பந்தய டயர் அந்த விசையைத் தாங்கும். ஆயில் எதிர்ச்சுவரில் ஏறி நிற்க, பம்புக்கு ஆயிலை உறிஞ்சும் வலைவாயான ஸ்ட்ரெய்னர் காற்றைக் குடிக்கிறது.

கனமான ஆயில் இதற்கு மருந்தே அல்ல. ஆயிலின் பிசுபிசுப்பைச் சென்டிஸ்டோக்ஸில் அளப்பார்கள்: 40 கிரேடு 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 வரை. 50 அதற்கு மேல். அது வெப்பத்தைத் தாங்கும், ஆனால் காற்றை ஆயிலாக்காது. எஞ்சினின் தலைப்பகுதியிலிருந்து சம்புக்கு வழிந்து இறங்கவும் கூடுதல் நேரம் எடுக்கும். அளவுக்கு மேல் ஊற்றினாலோ, சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரைக்கவைத்துவிடும்.

ஆகஸ்ட் 11

கப்பலூர் பட்டறையில் தகடு வெட்டித் தடுப்பு அமைத்தோம். ஸ்ட்ரெய்னரைச் சுற்றிப் பெட்டி. சுவர்களில் உள்நோக்கி மட்டும் திறக்கும் கீல்கதவுகள். ஆயில் உள்ளே வரலாம், சாய்ந்தாலும் வெளியேற முடியாது. வெல்டிங் முடிந்ததும் கசிவு பார்க்க வெளியே சுண்ணாம்பு பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி இரவு முழுக்க வைத்தோம். ஓர் ஓரத்தில் ஈரம் தெரிந்தது, மறுபடி பற்றவைத்தாயிற்று. ஸ்ட்ரெய்னருக்கும் அடித்தகட்டுக்கும் இடைவெளியைக் களிமண் உருண்டை வைத்து அளந்தேன். பேரிங்குகள் புதியவை.

ஆகஸ்ட் 17

செட்டிப்பாளையம். அதே திருப்பத்தில் முள் 50க்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் நேர் ஓட்டத்தின் முடிவில் கடும் பிரேக்கில் ஒரு கணம் 35. முன்பக்கத்துக்கும் ஒரு கதவு வேண்டும். சம்பை மறுபடி இறக்கும் செலவை முதலாளியிடம் தம்பியே சொல்லட்டும்.