பிக்கப் வண்டிக்கு லைனர் போட்ட அனுபவம்: தண்ணீர் போகும் வழியை முதலில் பாருங்கள்

கார் அடியில் அடிக்கிற அண்டர்பாடி கோட்டிங்கை, லோடு பாடியின் தரையைக் காக்கிற ‘பெட் லைனர்’ என்று பெயர் மாற்றி விற்கிறார்கள். பெங்களூரில் பிக்கப் வைத்துத் தொழில் செய்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

எங்களுக்கு சர்ஜாபூர் ரோடு பக்கம் நர்சரி. ஓசூர் பக்கமிருந்து செடி, செம்மண், எரு எல்லாம் எடுத்து வந்து அபார்ட்மெண்ட்களுக்குக் கொடுக்கிறோம். வண்டிக்கு ஒன்பதடி லோடு பாடி, மூன்று பக்கமும் கதவு திறக்கும். செடி ஏற்றுகிற வண்டிக்குக் கீறலைவிட ஈரம்தான் எமன். தண்ணீர் ஊற்றிய தொட்டிகளைத்தான் ஏற்றுவோம். அந்தத் தண்ணீரோடு எருவும் பொட்டாஷும் கரைந்து தரையில் ஒழுகும். பொட்டாஷில் குளோரைடு இருப்பதால், பெயிண்ட் போன இடத்தில் அது இறங்கினால் தகடு வெகு சீக்கிரம் துருப்பிடித்துவிடும். தரை ஓட்டை விழுந்த வண்டியோடு எஃப்சிக்கு (வண்டியின் தகுதிச் சான்று) போய் நிற்கவும் முடியாது. எட்டு வருடம் தாண்டிய வண்டி என்றால் அது வருடா வருடம் வரும்.

ரெடிமேடாக வரும் பிளாஸ்டிக் லைனர் எங்கள் வண்டிக்கு ஒத்துவராது என்பது முதல் விசாரணையிலேயே தெரிந்துவிட்டது. ஹெச்டிபிஇ பிளாஸ்டிக்கில் அச்சில் வார்த்து வரும் அந்தத் தொட்டி இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி பின்கதவு மட்டும் திறக்கிற வண்டிகளுக்கானது. அந்த வண்டி வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். பிளாஸ்டிக்குக்கும் தகடுக்கும் நடுவில் தண்ணீரும் மண்ணும் போய்த் தங்கும். வண்டி அதிர அதிர அந்த மண்ணே உப்புத்தாள் போல பெயிண்டைத் தேய்த்துவிடும். மேலே பார்த்தால் எதுவும் தெரியாது, கழற்றினால்தான் துரு தெரியும்.

சரி, ஸ்ப்ரேயாக அடிக்கிற லைனர்தான் என்று முடிவு செய்து ஜேசி ரோட்டுக்குப் போனேன். ஒரு கடையில் “இம்போர்ட்டட் மெட்டீரியல், அஞ்சு வருஷம் கேரண்டி” என்றார்கள். ரூ. 14,000. காலையில் விட்டால் மாலையில் வண்டி ரெடி. பீக் அவரில் லோடு வண்டியை ஊருக்குள் விடமாட்டார்கள் என்பதால் விடிவதற்கு முன்பே கொண்டுபோய் விட்டேன்.

மாலையில் பார்க்க கருகருவென்று நன்றாகத்தான் இருந்தது. சைடு டோரைத் திறக்கப் போனால் வரவில்லை. மூன்று கதவையும் மூடி வைத்தபடியே மேலே அடித்திருக்கிறார்கள். தரைக்கும் கதவுக்கும் நடுவில் உள்ள இடுக்கு, கீல், கொண்டி எல்லாவற்றையும் சேர்த்து கோட்டிங் மூடியிருந்தது. கடைப் பையன் கம்பியால் நெம்பித் திறந்ததும் இடுக்கோரமாக ஒரு பட்டை கிழிந்து வந்தது. “ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்ணா” என்றான். பில்லில் ‘பெட் லைனர் ஸ்ப்ரே’ என்று எழுதித் தரும்படி பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான்.

ஏப்ரல் வெயில் ஏறியதும் கோட்டிங் இளகியது. தொட்டியைத் தூக்கினால் அடியில் கறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. கஸ்டமர் வீட்டு பால்கனி டைல்ஸில் கறை படிந்து, அதைத் துடைத்துக்கொடுத்து மன்னிப்பும் கேட்க வேண்டியதாயிற்று. அப்புறம் மே மாத மழை வந்தது. லோடு பாடியில் தண்ணீர் குளமாக நின்றது. தரையில் இருந்த வடிகால் துளைகள் எல்லாவற்றையும் கோட்டிங்கால் அடைத்துவிட்டார்கள்.

ஈஜிபுராவில் எங்களுக்குத் தெரிந்த டிங்கரிங் மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். அவர் ஸ்க்ராப்பரை வைத்து ஓரத்தில் சுரண்டினார். உள்ளே பழைய துரு அப்படியே இருந்தது. உப்புத்தாள் போடவில்லை, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கவில்லை, தூசி மேலேயே அடித்திருக்கிறார்கள். “தம்பி, இது கார் அடியில அடிக்கிற தார் சரக்கு” என்று சொல்லிவிட்டு, டீசலில் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துக் காட்டினார். துணி கறுப்பாகிவிட்டது. உண்மையான ஸ்ப்ரே லைனர் சரக்கு பாலியூரியா அல்லது பாலியூரித்தேன்; நன்றாக இறுகினால் அவை டீசலில் கரையாது, தார் கரையும். கடையில் பணம் கொடுப்பதற்கு முன்பு, அவர்கள் ஏற்கெனவே செய்து கொடுத்த வண்டி ஒன்றில் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வேலையைக் கொடுக்காதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது முதலாளி, “மஞ்சள் போர்டு வண்டி, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது” என்றார். பலரும் இதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார்கள். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரத்துக்காக வாங்குபவரை நுகர்வோர் இல்லை என்று சொல்வது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து அதில் பிழைக்கிறவர் அந்தத் தொழிலுக்காக வாங்கினால் அவர் நுகர்வோர்தான் என்று அதே பிரிவில் விளக்கம் இருக்கிறது. அதைச் சொன்னேன். பில்லைக் காட்டினேன். பில்லில் லைனர் என்று எழுதிவிட்டு வேறு சரக்கை அடித்திருக்கிறீர்கள் என்றேன். அவர் எதிரிலேயே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டேன். பேச்சு மாறியது. ரூ. 10,000 திரும்ப வந்தது. முழுத்தொகை வராதது எனக்கு இன்றும் வருத்தம்தான், ஆனாலும் வெறுங்கையோடு வரவில்லை.

பழைய கோட்டிங்கைச் சுரண்டி எடுத்தது பெரிய தண்டனை. மேஸ்திரியும் அவருடைய பையனும் ஸ்க்ராப்பர், டீசல், கிரைண்டரில் ஒயர் பிரஷ் என்று மாற்றி மாற்றிப் போராடினார்கள். அந்த நாட்களில் டெலிவரிக்கு வாடகை வண்டி.

அடுத்து என்ன போடுவது என்று யோசிக்கும்போது பலரும் செக்கர் பிளேட் (மேலே புடைப்பு வரி உள்ள தகடு) போடச் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்பதடிக்கு ஐந்தரை அடி என்றால் 4.6 சதுர மீட்டர். 3 மி.மீ. இரும்பு செக்கர் பிளேட் சதுர மீட்டருக்கு சுமார் 25 கிலோ, ஆக மொத்தம் 115 கிலோ. அத்தனை கிலோ எரு குறைவாக ஏற்ற வேண்டும். ஓவர்லோடில் மாட்டினால் ரூ. 20,000, அதற்கு மேல் டன்னுக்கு ரூ. 2,000 அபராதம். அலுமினியம் எடை குறைவு, ஆனால் இரும்புத் தரையோடு நேராக ஒட்டி உரநீரில் ஊறினால் அலுமினியம் அரித்துப்போகும். எப்படியும் தகடுக்கு அடியில் தண்ணீர் நிற்கும். ஸ்க்ரூ போட்ட ஒவ்வொரு துளையிலிருந்தும் துரு ஆரம்பிக்கும். எனக்கு வேண்டாம்.

கடைசியில் பீன்யாவில் மொட்டைமாடி வாட்டர்புரூஃபிங்குக்கு பாலியூரியா அடிக்கிற ஒரு ஒர்க்‌ஷாப் கிடைத்தது. வித்தியாசம் போனவுடனே தெரிந்தது. உண்மையான பாலியூரியா இரண்டு டிரம்மில் வரும். மெஷின் அதை 60 டிகிரிக்கு மேல் சூடாக்கி, பெரிய அழுத்தத்தில், துப்பாக்கி முனையில்தான் கலக்கும். சில நொடிகளில் இறுகிவிடும். அதில் ஐசோசயனேட் இருப்பதால் மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். அடிக்கிறவர் முகம் முழுக்க மாஸ்க் போட்டு அடித்தார். ஜேசி ரோட்டுப் பையன் வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஸ்ப்ரே கன்னைத் தூக்கியபோதே எனக்குச் சந்தேகம் வந்தது.

இங்கே ஸ்ப்ரே அடித்த நேரம் கொஞ்சம், அதற்கு முந்தைய வேலைதான் அதிகம். தரை முழுக்கத் தேய்த்து, துரு எடுத்து, தின்னரில் துடைத்து, பிரைமர் கொடுத்தார்கள். மூன்று கதவையும் திறந்து வைத்து, கீலுக்கும் கொண்டிக்கும் டேப் ஒட்டி, தரையைத் தனியாகவும் கதவைத் தனியாகவும் அடித்தார்கள். வடிகால் துளைகளில் மரக்கட்டை செருகி, அடித்து முடித்ததும் பிடுங்கச் சொல்லி நான் பக்கத்திலேயே நின்றேன். பிடுங்கியதும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னேன். எல்லாம் வடிந்து கீழே போனதைப் பார்த்த பிறகுதான் பாக்கிப் பணத்தைக் கொடுத்தேன். தடிமன் 2 மி.மீ. கேட்டேன், ஓரத்தில் அளந்து காட்டினார்கள்.

மழை நாளில் மட்டும் வேலையைக் கொடுக்காதீர்கள். தகடு ஈரமாக இருந்தால் எந்தச் சரக்கும் சரியாகப் பிடிக்காது. பாலியூரித்தேன் என்றால் ஈரத்தோடு சேர்ந்து குமிழி விடும், அந்தக் குமிழிகள் பிறகு ஊசித்துளையாகும். பாலியூரியாவில் விலை குறைந்த வகை வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகும் என்று அவர்களே சொன்னார்கள். நிறம்தானே, வலு குறையாது என்பதால் அதையே எடுத்தேன்.

மேலே ஒரு ரிப்பட் ரப்பர் மேட். எஸ்ஜேபி ரோட்டில் ரோலிலிருந்து வெட்டி வாங்கினேன். 6 மி.மீ.யில் மொத்தம் நாற்பது கிலோ வரும், அதனால் இரண்டு துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரே துண்டாக வாங்கினால் தனி ஆளாகத் தூக்க முடியாது, தூக்க முடியாவிட்டால் அடியில் கழுவவும் மாட்டோம். ஒட்டவோ ஸ்க்ரூ போடவோ வேண்டாம். தொட்டிகள் வழுக்காமல் நிற்கின்றன, மண்வெட்டி நேராகத் தரையில் படுவதில்லை.

போன வாரம் கருங்கல் பலகை இறக்கும்போது பின்கதவு ஓரத்தில் லைனர் வெட்டுப்பட்டது. வெட்டைச் சுற்றி உப்புத்தாள் தேய்த்து, தின்னரில் துடைத்து, இரண்டு டப்பாவாக வரும் சின்ன பாலியூரித்தேன் கிட்டைக் கலந்து பிரஷ்ஷால் அடைத்தேன். இப்படி வெட்டு விழுந்தால் அன்றைக்கே அடைத்துவிடுங்கள். விட்டுவிட்டால் தண்ணீர் லைனருக்கு அடியில் நுழைந்து, ஓரம் தூக்க ஆரம்பித்துவிடும்.