முதலில் போட்டோ, அப்புறம்தான் ஓவியம்

கைவினைக் கண்காட்சிகளில் ஸ்டால் போட்டு, கேட்பவர்களுக்கு முகங்களை வரைந்து கொடுக்கிறேன். பென்சிலைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலை நடந்துவிடும். எந்தப் போட்டோவை வைத்து வரைவது என்று முடிவு செய்வதுதான் அது.

பெரும்பாலும் செல்ஃபியைத்தான் நீட்டுவார்கள். கைக்கெட்டும் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகி, காது பின்னுக்குப் போய்விடும். போனில் அது யார் கண்ணையும் உறுத்தாது. அப்படியே வரைந்தால் மட்டும், "மூக்கு சரியா வரலையே" என்பார்கள். நேராக ஃபிளாஷ் அடித்து எடுத்தது இன்னும் மோசம். நிழலே இல்லாத முகத்தில் கன்னத்தின் வளைவை நான் ஊகித்துத்தான் போட வேண்டும். ஜன்னலோரமாக, கொஞ்சம் தள்ளி நின்று யாராவது எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்பேன். இருந்தால், வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்வேன். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, இமை மயிரெல்லாம் கரைந்துவிடும்.

மாதிரிக்கு என்ன மாட்டுவது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். சார்லி சாப்ளினை மாட்டினால் கூட்டம் நிற்கும், ஆனால் ஆர்டர் வராது. தொப்பியும் மீசையும் போட்டால் யார் வரைந்தாலும் அவர் சாப்ளின்தானே! யாருக்கும் தெரியாத ஒரு சாதாரண முகத்தை, அதன் போட்டோவோடு பக்கத்தில் மாட்டிவைப்பதுதான் பலன் தருகிறது. மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள், அப்புறம் பர்ஸைத் திறப்பார்கள்.

ஒரு அம்மா, மறைந்த தன் அப்பாவின் அடையாள அட்டையைக் கொண்டுவந்தார். தாடை மேலேயே முத்திரை. "அப்பா ஜாடை வீட்டில் யாருக்கு?" என்று கேட்டேன். தம்பியின் படத்தைக் காட்டினார். தாடையை அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஓவியத்தை வாங்க வந்தபோது அந்த அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இடது புருவம் இன்னும் கொஞ்சம் தூக்கி இருக்கும்" என்றார். அட்டையில் அப்படி இல்லை. ஆனால் சாயலில் வீட்டுக்காரர்கள் சொல்வதுதான் தீர்ப்பு. மாவு போலப் பிசைந்துகொள்ளும் மென்மையான ரப்பரால் ஒற்றி எடுத்து, புருவத்தைச் சற்றே ஏற்றினேன். "ஆங், இதான்!" என்றார்.

இதனால்தான் அவர்கள் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஃபிக்சேட்டிவ் ஸ்ப்ரே அடிப்பதில்லை. அடித்துவிட்டால் பென்சில் கோடு லேசில் அழியாது.